பதினான்கு மாதமாக ‘மதிப்பீட்டில் உள்ளது’

சுஜிதா குடையை மடக்கி வராந்தாக் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தாள். சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. திற்பரப்பிலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவள். உட்காரக்கூட இல்லை. லேப்டாப்பைத் திறந்து என் மேஜைமேல் வைத்தாள்.

“பாருங்க டீச்சர்.”

பார்த்தேன். புள்ளியியல் ஜர்னலின் பக்கம். அவளுடைய கட்டுரையின் தலைப்பு, அனுப்பிய தேதி, அதற்கு நேரே இரண்டே சொல்: மதிப்பீட்டில் உள்ளது.

“சவம், இன்னுமா?” என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து துறைத் தலைவர் எட்வின் சார் எட்டிப் பார்த்துவிட்டு, நான்தான் என்று தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“பதினாலு மாசம் ஆச்சு டீச்சர்,” என்றாள் சுஜிதா. “எனக்கு இனி நாப்பது நாளுதான் கெடக்கு.”

அந்த நாற்பது நாள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுஜிதா என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். பதிவு செய்து ஆறு வருடம் முடியப் போகிறது. இரண்டு தடவை கெடு நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆய்வேடு முழுக்க எழுதி முடித்து வைத்திருந்தாள். ஆனால் பல்கலைக்கழக விதி ஒன்று உண்டு. அங்கீகாரம் உள்ள ஜர்னல் ஒன்றில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டதற்கான கடிதம் இல்லாமல் ஆய்வேட்டைக் கையால் தொடமாட்டார்கள். கெடு தாண்டினால் பதிவு ரத்து. ஆறு வருடமும் அதோடு போயிற்று.

கோபம் ஆகுமா?

போன வாரம் இந்தப் பத்தியில் விடைத்தாள் திருத்தும் முகாம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார், “கணக்கு டீச்சருக்கு இத்தனை கோபம் ஆகுமா அம்மா?” என்று.

ஐயா, முதலில், நான் கணக்கு டீச்சர் இல்லை. புள்ளியியல் டீச்சர். முப்பது வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது. இரண்டாவது, கோபம் ஆகும். இந்த வாரம் கொஞ்சம் கூடவே ஆகும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாசியுங்கள்.

ஆய்வுக் கட்டுரை எப்படி அச்சேறுகிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. நாம் எழுதி அனுப்புகிறோம். ஜர்னலின் ஆசிரியர் அதை அந்த விஷயம் தெரிந்த ஓரிருவருக்கு அனுப்புகிறார். அவர்கள்தான் மதிப்பீட்டாளர்கள். எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. வாசித்து, சரி, தப்பு, திருத்து என்று சொல்ல வேண்டும். சம்பளமில்லாத வேலை, கடமையாக நினைத்துச் செய்வது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருக்கிறார்களே, அதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பால் வற்றிய மரங்கள்

சுஜிதாவின் அப்பா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர். அவர் மகள் எடுத்த கேள்வியும் அங்கிருந்துதான் வந்தது. முதல் வெட்டு விழுந்த நாளிலிருந்து ஒரு மரத்துக்கு எத்தனை வருடத்தில் பால் வற்றும்?

கேட்கச் சின்னக் கேள்வி. பதில் சொல்லத்தான் கஷ்டம். சில மரம் வற்றிவிட்டது, அதற்கு வருடம் தெரியும். சில மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. மிச்ச மரமெல்லாம் கணக்கெடுப்பு முடிகிற அன்றைக்கும் பால் தந்துகொண்டு நிற்கிறது. இவற்றை என்ன செய்வது? வற்றிய மரங்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டால், எல்லா மரமும் சீக்கிரமே வற்றிவிடும் என்று பொய்யான விடை வரும். நிற்கிற மரத்தையும், இதுவரை நின்ற வருடத்தோடு கணக்கில் சேர்த்தாக வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. ஒரே சரிவில் நிற்கும் மரங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல வற்றுவதையும் அந்த முறைக்குள் கொண்டுவந்ததுதான் சுஜிதாவின் வேலை.

இரண்டு வருடம் அப்பாவோடு மரம் மரமாக நடந்தாள். வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டாள். அவள் கொண்டுவரும் தாள்களில் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை இருக்கும். அந்தத் தாள் மேஜையில் இருந்தால் எட்வின் சார் என் அறையில் டீ குடிக்க மாட்டார்.

சிக்மாவைக் கையால் எழுதிய காலம்

என்னுடைய முதல் கட்டுரையும் காத்துக் கிடந்ததுதான். அப்போது டைப்ரைட்டர். அதில் சிக்மா கிடையாது, மியூ கிடையாது. இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு கறுப்பு மையால் கையால் எழுத வேண்டும். மூன்று பிரதி. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால் சிக்மா எல்லாம் என் வீட்டுக்காரர் எழுதினார். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். “இது என்ன, சாய்ஞ்ச எம் மாதிரி?” என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

ரிஜிஸ்டர் தபாலில் போனது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம், கீழே இரண்டு வரி, ‘ஆர்வமூட்டவில்லை’ என்று. வீட்டுக்காரர், “எனக்க சிக்மாவப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்றார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். கப்பல், ரயில், தபால்காரர் என்று பழிபோட எத்தனையோ ஆள் இருந்தது. இன்றைக்குப் பொத்தானை அமுக்கினால் நொடியில் போகிறது. போன கட்டுரை அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு யார்மேல் பழி போடுவது, சொல்லுங்கள்.

தாழ்மையுடன்

“வேற ஜர்னலுக்கு அனுப்ப வேண்டியதுதானே” என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு நேரத்தில் ஒரே ஜர்னல்தான். இரண்டு இடத்துக்கு அனுப்பினால் குற்றம், பேர் கெட்டுவிடும். விலக்கிக்கொள்கிறோம் என்றால் அதற்கும் அவர்கள் சம்மதம் வர வேண்டும். விலக்கினாலும் புது இடத்தில் முதலிலிருந்து வரிசை.

இரண்டு நாளில் ஏற்புக் கடிதம் கொடுக்கும் கள்ள ஜர்னல்களும் இருக்கின்றன. வாசிக்கவே மாட்டார்கள், கடிதம் மட்டும் வந்துவிடும். யாரோ ஒருத்தர் சுஜிதாவுக்கு அந்த வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“அது வேண்டாம் டீச்சர்,” என்றாள். “நான் மரத்த நெசமாட்டே எண்ணினேம்லா.”

எட்வின் சார் யோசனை சொன்னார். “டீச்சர், அவியளுக்கு கோவம் வந்தா நம்ம பிள்ளைக்குத்தான் கேடு. பைய ஒரு லெட்டர் எழுதுங்க. தாழ்மையா எழுதுங்க.”

எழுதினேன். ஏற்கெனவே எழுதிய மூன்று கடிதத்துக்கு மேலே நாலாவது. ஆங்கிலத்தில் தாழ்மைக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையும் போட்டேன். எங்கள் கட்டுரையை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், மன்னிப்பு நான் கேட்கிறேன்! பதிலாக வந்தது இயந்திரம் எழுதிய ஒரு வரி. உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது.

போனில் கூப்பிட்டேன். வடக்கே எங்கேயோ ஓர் அலுவலகம், நல்ல மரியாதையான பெண் குரல். மதிப்பீட்டாளர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், காத்திருங்கள் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன்.

“எங்கள் சராசரி சில வாரங்கள்தான் மேடம். வலைப்பக்கத்திலேயே போட்டிருக்கிறோம், பாருங்கள்.”

நிற்கிறவர்களை எண்ணாத சராசரி

பார்த்தோம். உண்மைதான். முகப்பிலேயே பெரிய எழுத்தில், பச்சைக் கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். கட்டுரை வந்து சேரும் நாளிலிருந்து முதல் முடிவு வரை சராசரி சில வாரங்கள்.

நான் வெப்ராளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சுஜிதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இதுல எனக்க பேப்பரு இல்லியே.”

“எதுல?”

“இந்தச் சராசரியில. முடிவு சொன்னதத்தானே எண்ணியிருக்காவ. எனக்கு முடிவு சொல்லல்லியே. அப்பம் நான் இதுல கெடையாது.” பச்சைக் கட்டத்தில் விரலை வைத்தாள். “வத்தின மரத்த மட்டும் எண்ணியிருக்காவ டீச்சர்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில், பஸ் ஏறிப் போனவர்களிடம் மட்டும் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டுச் சராசரி போட்டுப் பாருங்கள். காலையிலிருந்து இன்னும் நிற்கிறானே, அவன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். அவன் எவ்வளவு அதிகம் நிற்கிறானோ அவ்வளவுக்குக் கணக்குக்கு வெளியே இருப்பான். அதுபோக, பொருந்தாது என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிய கட்டுரைகளும் ‘முடிவு’ என்று உள்ளே சேர்ந்து சராசரியைக் கீழே இழுத்திருந்தன.

பலகாரக் கடைக்காரர் இப்படி ஒரு சராசரி போட்டால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது புள்ளியியல் ஜர்னல்! இந்தத் தப்பைச் செய்யாதே என்று வருடம் தவறாமல் கட்டுரை வெளியிடுகிற ஜர்னல்! என்னிடம் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை இப்படி எழுதினால் நான் தாளில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போடுவேன். இந்தத் தப்பையே பேசுகிற ஒரு கட்டுரையைப் பதினான்கு மாதம் அமுக்கி வைத்துக்கொண்டு, முகப்பில் அதே தப்பைப் பச்சைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். என்ன தைரியம்!

இந்தத் தடவை தாழ்மை எல்லாம் இல்லை. இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு பக்கம் அவர்கள் சராசரியின் தப்பு. மறுபக்கம் சுஜிதா, அவளுடைய ஆறு வருடம், அவளுடைய கெடு. பேர் தெரியாத அந்த மதிப்பீட்டாளரையும் விடவில்லை. ‘செய்ய மனமில்லை என்றால் முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒப்புக்கொண்டு வாசிக்காமல் வைத்திருப்பது மனசாட்சி இல்லாத செயல்’ என்று எழுதினேன்.

எட்வின் சார் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “டீச்சர், மனசாட்சிய மட்டும் எடுத்துருங்க.”

“எடுக்கமாட்டேன்.”

வலது பக்கம் இருந்தது

சாதாரண மெயிலில் போனால் யாரும் பார்ப்பதில்லை, ஜர்னலின் தளத்துக்குள் நுழைந்து அனுப்பினால்தான் ஆசிரியர் கண்ணில் படும் என்றாள் சுஜிதா. எனக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு, பாஸ்வேர்டு மறந்து வருடமாகியிருந்தது. அவளே புதிதாக ஒன்று போட்டு உள்ளே போனாள்.

இடது பக்கம் ‘ஆசிரியருக்கு எழுத’ என்று இருந்தது. வலது பக்கம் சிவப்பில் ஒரு கட்டம்.

உங்கள் மதிப்பீட்டுக்காகக் காத்திருப்பவை: 1.

எனக்கு முதலில் புரியவில்லை. சுஜிதா என்னைப் பார்க்காமல் அதை அமுக்கினாள். ஒரு கட்டுரை திறந்தது. கடலில் போய் வரும் வள்ளங்களின் மீன்பாடு பற்றியது. நான் மதிப்பிட ஒப்புக்கொண்ட தேதி போட்டிருந்தது. பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே நினைவூட்டல்கள் வரிசையாக, ஆறு.

ஞாபகம் வந்துவிட்டது. என் நாத்தனார் மகள் கல்யாணத்தில், பந்தியில் இடம் கிடைக்கக் காத்து நிற்கும்போது போனில் மெயிலாக வந்த அழைப்பு. அவ்வளவு பெரிய ஜர்னல் என்னை மதிப்பீட்டாளராகக் கூப்பிடுகிறது! அங்கேயே ‘சம்மதம்’ என்று அமுக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற கொழுந்தனாரிடம் சத்தமாகச் சொன்னேன். மறுநாள் எட்வின் சாரிடம் சொன்னேன். வருடக் கடைசியில் கல்லூரிக்குக் கொடுக்கும் சுயமதிப்பீட்டுப் படிவத்திலும், இன்ன ஜர்னலின் மதிப்பீட்டாளர் என்று எழுதினேன். கட்டுரையை மட்டும் திறக்கவில்லை. நினைவூட்டல் எல்லாம் அதே பழைய கல்லூரி மெயிலுக்குத்தான் போயிருக்கிறது. அதற்குப் பிறகு போன் மாற்றியதிலிருந்து நான் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காதது யார் குற்றம்? என் குற்றம்தான்.

அந்தப் பிள்ளை என்னை என்ன கேட்டாலும் கேட்டிருக்கலாம். வாசலில் நின்று கத்தியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன்.

“டீச்சர்,” என்றாள், “நம்ம லெட்டர நாளைக்கு அனுப்பலாம். இத மொதல்ல வாசியுங்க.”

அவள் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசித்தேன். நல்ல கட்டுரை. ஓர் இடத்தில் சூத்திரம் பிசகியிருந்தது, இன்னொரு இடத்தில் இரண்டு வரி விளக்கம் தேவைப்பட்டது. குறிப்பு எழுதி, ஏற்கலாம் என்று அனுப்பி முடித்தபோது சாயங்கால மணி அடித்தது. ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. பதினோரு மாதம் வைத்திருந்த வேலை, ஒரே ஒரு மத்தியானம். என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மறுநாள் எங்கள் கடிதத்தில் ஒரு பத்தி சேர்த்தேன். நானும் உங்களுக்கு மதிப்பீட்டாளர், நானும் ஒரு கட்டுரையைப் பதினோரு மாதம் வைத்திருந்தேன், மேலே மனசாட்சி பற்றி எழுதியது எனக்கும் சேர்த்துத்தான், என்னைப் போன்றவர்களிடமிருந்து கட்டுரையைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்க ஓர் ஆசிரியர் எதற்காக இருக்கிறார் என்று கேட்டிருந்தேன்.

“உள்ளதெல்லாம் சொல்லியாச்சுன்னா அவிய ஒங்களைத்தான் புடிப்பாவ,” என்றார் எட்வின் சார்.

“புடிக்கட்டும் சார். யாரையாவது புடிக்கட்டும்.”

கடைசி நாள்

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, மதிப்பீட்டாளருக்கு மீண்டும் நினைவூட்டியிருக்கிறோம். பச்சைக் கட்டத்தைப் பற்றி மூச்சு இல்லை. என்னைப் பிடிக்கவும் இல்லை.

கெடுவின் கடைசி நாள் அந்தப் பதிலை அச்செடுத்து, ஆய்வேட்டையும் சுமந்துகொண்டு, நானும் சுஜிதாவும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பிரிவு அலுவலர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். கெட்ட மனுஷர் இல்லை.

“இதுல ஏத்துக்கிட்டோம்னு எங்கம்மா இருக்கு?” என்றார்.

எங்கும் இல்லை. நான் மேஜையைத் தட்டிப் பேசினேன், கெஞ்சினேன், மேலே இருப்பவரைப் பார்த்தேன், அவருக்கும் மேலே இருப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினார்கள்.

வெளியே வந்ததும் சுஜிதாவுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. “இல்லப்பா. எடுக்கல்ல. இல்ல, டீச்சர் பேசினாவ. செரிப்பா, வாறேன்,” என்றாள். அவள் அழவில்லை. நான்தான் பஸ் ஸ்டாப்பில் நின்று அத்தனை பேர் முன்னால் அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஜர்னலிலிருந்து மெயில் வந்தது. மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம், உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது. கூடவே மதிப்பீட்டாளரின் குறிப்பு, அரைப் பக்கம். முழுக்கப் பாராட்டு. ஒரு கமா விடுபட்டிருப்பதைச் சுட்டியிருந்தார். அதுவும் ஒரு மத்தியான வேலைதான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கடிதத்தோடு மறுபடியும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பதிவு ரத்தாகிவிட்டது, வேண்டுமானால் புதிதாகச் சேரலாம், முதல் வருடத்திலிருந்து என்றார்கள்.

சுஜிதா அப்போது குலசேகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மெயிலை அச்செடுத்து நானே கொண்டுபோனேன். மத்தியான இடைவேளை. விரலில் சாக்பீஸ் மாவோடு வந்தாள். கடிதத்தை நின்றபடியே வாசித்தாள், பிறகு அந்த அரைப் பக்கக் குறிப்பை வாசித்தாள்.

“கொள்ளாம், நல்லா இருக்கு,” என்றாள். “அப்பாட்ட காட்டுதேன்.”

“இன்னொரு தடவ பதிவு செய்யலாம் மக்கா. நான் எல்லாம் பாத்துக்கிடுதேன்.”

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள்.

“டீச்சர், நீங்க வச்சிருந்தியளே, அந்த வள்ளத்துப் பேப்பரு. அது எழுதின ஆளு யாருன்னு தெரிஞ்சுதா? அவியளுக்கு கெடுவுக்கு முன்ன லெட்டரு கெடச்சுதா?”

“தெரியாது மக்கா. பேரு சொல்லமாட்டாவ.”

பெல் அடித்தது. இரண்டு அடி போனவள் திரும்பினாள்.

“அவியளுக்கும் ஒங்க பேரு தெரியாது, இல்லியா?”

தெரியாது என்றேன்.